ஆனந்தவள்ளி கேட்டது

பாலக்கரை, திருச்சி
27.8.2024

மரியே வாழ்க.

என் கொழந்தைக்கு ரோசரி அக்கா கன்னத்தைக் கிள்ளி எழுதுறது. நாப்பத்தஞ்சு வயசு கன்னியாஸ்திரீக்குக் கன்னம் எதுக்குன்னு மதர் நினைப்பாங்க. மதர், இந்தக் கடுதாசியைப் பிரிச்சு முதல்ல படிக்கிறது நீங்கதான்னு எனக்குத் தெரியும். அதனால உங்களுக்கும் வணக்கம், மூட்டுவலி தேவலையா. இங்கே நாங்க சுகம். உன் அத்தான் பிராங்க்ளின் லேத்துப் பட்டறைக்குப் போய் வரார். ஊர்ல எல்லாரும் செல்போன்ல மூஞ்சி பாத்துப் பேசிக்கிறாங்க, எனக்கு மட்டும் வாசல் தாண்டாத மடத்துல ஒரு தங்கச்சி, மாசத்துக்கு ஒரு கடுதாசி. படிச்ச அஞ்சாங்கிளாஸை நான் மறக்காம இருக்கிறதே உன்னாலதான்.

இந்த மாசம் லேட்டானதுக்குக் காரணம் இருக்கு. மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு முதல் நாள் பீடத்துக்குப் பூ வாங்க ஸ்கூட்டியில ஸ்ரீரங்கம் போனேன். எட்டு வருஷமா நம்ம கோயில் பீடத்துப் பூ அங்கே ராஜகோபுரத்துக்கிட்ட ஆனந்தவள்ளி கடையில இருந்துதான் வருதுன்னு உனக்குத் தெரியும். "உங்க மாதாவுக்கு இன்னைக்குச் சம்பங்கி போதும், மல்லி விலை ஏறிப்போச்சு"ன்னு அவதான் முடிவு பண்ணுவா. கடைக்குப் பத்தடி முன்னால தண்ணி கேன் ஏத்தின வேன் ஒண்ணு என்னைத் தள்ளிவிட்டிருச்சு. எனக்கு அதுல ஒண்ணுமே ஞாபகம் இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தேன், தலை தப்பிச்சுது. வலது கால்ல கொலுசு போட்ட மாதிரி ஒரு சிராய்ப்பு. இடது கால்ல அடி. சின்னதுதான்.

நான் எழுத வந்தது வேற. ரத்தம் நிக்காம போனப்போ ஆனந்தவள்ளி கடையை விட்டு ஓடிவந்து, பூக்கட்ட ஊறவச்சிருந்த வாழை நாரை எட்டுப் புரியா முறுக்கி, என் தொடையில துண்டைச் சுத்தி, அது மேல நாரைக் கட்டி, தராசுக் கம்பியைச் செருகித் திருகி இறுக்கிட்டாளாம். ஆஸ்பத்திரியில டாக்டர் அதைப் பாத்துட்டு, நறுக்கறதுக்கு முன்னாடி ரெண்டு சின்ன டாக்டருங்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். யார் போட்ட முடிச்சு இதுன்னு கேட்டிருக்கார். பூக்காரம்மான்னு அத்தான் சொல்லியிருக்கார். இந்த முடிச்சு இல்லேன்னா ஆளைக் கொண்டாந்திருக்க முடியாதுன்னு சொன்னாராம்.

எட்டு வருஷம் அந்தக் கையில பூ வாங்கியிருக்கேன். முழம் குறையுதுன்னு சண்டை போட்டிருக்கேன். அது என்ன கைன்னு எனக்குத் தெரியாம போச்சு, கொழந்தை.

உடம்பைப் பாத்துக்கோ. சிரிக்க அனுமதி உண்டுன்னா சிரி.
உன் ரோசரி அக்கா

*

கார்மேல் மடம்
9.9.2024

அன்பு அக்காவுக்கு, இயேசுவின் சமாதானம்.

உன் கடிதம் வந்தது. மதர் உனக்கு ஆசீர் சொல்லச் சொன்னார்கள். அவர்கள் மூட்டுவலி அப்படியேதான் இருக்கிறது. நான் நலம். தோட்டத்தில் இந்த வருடம் பூசணி நன்றாகக் காய்த்திருக்கிறது.

அந்தப் பூக்கார அம்மாவின் பெயரை என் ஜெபப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்று மாதா பிறந்தநாள். பூசைக்குப் போனாயா? கால் எப்படி இருக்கிறது?

தங்கை
குழந்தை தெரேஸ்

*

பாலக்கரை
25.9.2024

மரியே வாழ்க.

கொழந்தைக்கு அக்காவோட அன்பு முத்தம். மதருக்கு மூட்டுக்கு நொச்சி இலை ஒத்தடம் கொடு. பூசணியைத் துருவி அல்வா கிண்டு, தவம் கெட்டுப்போகாது. நான் சுகம். வலது காலால நொண்டியடிச்சே அடுப்படி வரை போயிடறேன். பாண்டி ஆட்டத்துல உன்னை ஜெயிச்சவ ஆச்சே.

இப்ப நாங்க கோர்ட்டு ஆளுங்க. முதல்ல வார்டுக்கே ஒருத்தர் வந்து, கேஸ் நான் பாத்துக்கிறேன், வர்றதுல எனக்கு மூணுல ஒண்ணுன்னு வெத்துத்தாளை நீட்டினார். எனக்குக் கையெழுத்து வராது, கைநாட்டுதான்னு சொன்னேன். பாவம், மைப்பெட்டி தேடிப் போனவரை நர்ஸம்மா வாசலோட விரட்டிட்டாங்க.

அப்புறம் கோர்ட்டு வளாகத்துல இலவச சட்ட உதவி மையத்துக்கு அத்தான் போனார். அவங்க கொடுத்த வக்கீல் ஜெஸிமா. நத்தர்வலி தர்கா பக்கத்துப் பொண்ணு, இருபத்தெட்டு வயசு இருக்கும். வீட்டுக்கே வந்து என் கட்டில்ல உக்காந்து எல்லாத்தையும் சொன்னா. நம்ம ஸ்கூட்டிக்குக் கட்டின இன்சூரன்ஸ்ல வண்டிச் சொந்தக்காரருக்குன்னு ஒரு விபத்துத் தொகை உண்டாம். ஆனா வண்டி உன் அத்தான் பேர்ல இருக்கு, விழுந்தது நான். அது அவர் விழுந்தாத்தான் கிடைக்குமாம். நீங்க ஒரு தடவை போய் விழுந்துட்டு வாங்கன்னு சொல்லிப் பாத்தேன், மனுஷன் அசையலை. அடுத்தது, தப்பு யார் மேலன்னு பேசாமலே வேன்காரன் இன்சூரன்ஸ்ல வாங்கிக்கிற ஒரு சின்னத் தொகை. அதை வாங்கினா அதோட முடிஞ்சுது. கடைசியா, தீர்ப்பாயத்துல வேன்காரன் மேல தப்புன்னு நிரூபிச்சு முழுசா வாங்குறது. அதுக்கு ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டாகணும்.

என்ன வேலை பாக்குறீங்க ஆன்ட்டின்னு கேட்டா. வீட்ல சும்மாதான் இருக்கேன்னேன். அவ பேனாவை மூடி வச்சுட்டு, சும்மா இருக்கிறவங்க காலையில எத்தனை மணிக்கு எந்திரிப்பீங்கன்னு கேட்டா. நாலரைக்குத் தண்ணி பிடிக்கிறதுல ஆரம்பிச்சேன், அவ எழுத எழுத ஒன்றரைப் பக்கம் வந்துது. இதுக்கெல்லாம் கோர்ட்டு மதிப்புப் போடும், இனிமே சும்மாங்கிற வார்த்தை உங்க வாயில வரக்கூடாதுன்னு சொல்லிட்டா. முப்பது வருஷமா நான் வேலை பாத்துக்கிட்டு இருந்திருக்கேன் கொழந்தை, எனக்கே தெரியலை. அந்தத் தாளைத் தலைமாட்டுல வச்சிருக்கேன். யாரோ பெரிய ஆளைப் பத்தி எழுதின மாதிரி இருக்கு.

சிக்கல் ஒண்ணு இருக்கு. போலீஸ் எஃப்.ஐ.ஆர். என் மேலதான் போட்டிருக்கு. வேன் ஓட்டின மதுரைவீரன், அந்தம்மாவே தப்பு தன்னோடதுன்னு ஒத்துக்கிட்டாங்கன்னு சொல்லியிருக்கான். அவன் சொன்னா பரவாயில்லை, நம்ம ஆனந்தவள்ளியும் சொல்லியிருக்கா. ரோட்ல கிடந்தப்போ நான் "என் பாவமே, என் பாவமே"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டுச் சொன்னேனாம். ஏட்டையா அதை மட்டும் அப்படியே எழுதிட்டு, மேலே ஒண்ணும் கேக்கலையாம்.

உனக்குத்தான் புரியும். சாகப்போறோம்னு தோணினா நமக்கு வேற என்ன வரும். அம்மா சோறு ஊட்டும்போதே சொல்லிக் கொடுத்த ஜெபம். அந்த வரி வந்தா கை தானா நெஞ்சுக்குப் போகும். அதைப் போய் வாக்குமூலம்னு எழுதி வச்சிருக்காங்க.

ஆனா ஒண்ணு என்னை அரிக்குது. அந்த வளைவுல நான் எப்பவும் அண்ணாந்து கோபுரத்தைப் பாப்பேன். எனக்கு அது மேல ஒரு பைத்தியம், மதர் மன்னிக்கணும். அத்தனை பெருசை மனுஷன் கையால கட்டியிருக்கான்னு ஒவ்வொரு தடவையும் வாய் பிளந்துதான் பாப்பேன். அன்னைக்கும் பாத்துக்கிட்டே போயிருப்பேனோ? சொன்னது ஜெபமா, நிஜமா? எனக்கே தெரியலை.

சீக்கிரம் எழுது.
அக்கா

*

கார்மேல் மடம்
14.10.2024

அன்பு அக்காவுக்கு, சமாதானம்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. மதருக்கு நொச்சி கேட்கிறது. அல்வா கிண்டினோம்.

அந்த ஜெபத்தை நாம் கடவுளிடம் சொல்கிறோம், போலீசிடம் அல்ல. ஆனால் பக்கத்தில் நிற்பவருக்கு அது எப்படித் தெரியும்? அந்த அம்மா கேட்டதைத்தான் சொன்னார்கள். அவர்கள் மேல் கோபப்படாதே.

உன் இரண்டு கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். வலது காலைப் பற்றி எழுதியிருக்கிறாய். இடது காலைப் பற்றி "சின்னதுதான்" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. பூசைக்குப் போனாயா என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

டிசம்பர் முதல் தேதி திருவருகைக் காலம் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் முடியும் வரை நாங்கள் கடிதம் எழுதுவதில்லை என்று உனக்குத் தெரியும். அதற்குள் எழுது.

குழந்தை

*

பாலக்கரை
20.11.2024

மரியே வாழ்க.

கொழந்தைக்கும் மதருக்கும் வணக்கம். எல்லாரும் சுகம்னு எழுத ஆரம்பிச்சு ரெண்டு தாளைக் கிழிச்சுப் போட்டுட்டேன்.

உன் அத்தான் எனக்குத் தெரியாம ஸ்ரீரங்கம் போயிருக்கார். ஆனந்தவள்ளிகிட்ட, அந்த ஒரு வரியை மட்டும் விட்டுடும்மா, எனக்குச் சரியாக் காதுல விழலைன்னு கோர்ட்டுல சொன்னாப் போதும்னு கெஞ்சியிருக்கார். ரோடு ஓரமா நின்னு கையெடுத்துக் கும்பிட்டிருக்கார், யார்கிட்டயும் ஒண்ணும் கேக்காத மனுஷன். அவ நார்ல இருந்து கண்ணை எடுக்காம சொன்னாளாம்:

"அண்ணே, கேட்டதை இல்லைன்னுட்டா பாத்ததை எப்படிண்ணே சொல்றது? ரெண்டும் ஒரே நார்ல கட்டினது. ஒரு பூவை உருவினா சரமே போச்சு."

அவர் வந்து சொன்னப்போ எனக்கு ஆத்திரமா வந்துது. உசிரைக் காப்பாத்தினவ ஒரு வார்த்தையை விடமாட்டாளான்னு. மறுநாள் அவளே சத்திரம் பஸ் ஸ்டாண்டுல இறங்கி, மரிக்கொழுந்து வச்ச கதம்பத்தோட வந்தா. நான் சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டேன். அவ கட்டில் ஓரமா உக்காந்து, போர்வை நழுவினதைச் சரிபண்ணி, என் இடது முட்டிக்குக் கீழே நல்லா மடிச்சுச் செருகிட்டுப் போனா.

அங்கே செருகுறதுக்கு இடம் இருக்கு கொழந்தை. முட்டிக்குக் கீழே கால் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போன அன்னைக்கே எடுத்துட்டாங்க. முட்டி இருக்கு, அது போதும், கட்டைக்கால் நல்லாப் பொருந்தும்னு டாக்டர் சொல்றார். ஆனா ஆயுசுக்கும் சில வருஷத்துக்கு ஒண்ணு மாத்திக்கிட்டே இருக்கணுமாம். அதுக்குத்தான் இந்தக் கேஸு.

எழுதிட்டேன். இனிமே ஒரு ஜோடிச் செருப்பு வாங்கினா ஒண்ணு எப்பவும் புதுசாவே இருக்கும், அதையும் நினைச்சுக்கோ.

சின்னத் தொகையை வாங்கிட்டு விட்டுடலாம்னு அத்தான் சொல்றார். எனக்குத் தப்பு யார் மேலன்னு தெரியணும். அதுக்காக ஆனந்தவள்ளி கூண்டேறினா, அந்த வரியையும் சேர்த்துத்தான் சொல்லுவா. அப்புறம் இருக்கிறதும் போச்சுன்னா?

அக்கா

*

பாலக்கரை
18.12.2024

மரியே வாழ்க.

பதில் வராதுன்னு தெரிஞ்சே எழுதுறேன். குடில் வச்சாச்சு. அத்தான் பட்டறையில கடைஞ்ச இரும்பு நட்சத்திரம் இந்த வருஷமும் கோணல்தான். நேத்து குடில்ல பழைய ஆட்டுக்குட்டி பொம்மையை எடுத்தேன், ஒரு கால் உடைஞ்சிருந்துது. அதை முன்வரிசையில வச்சேன்.

உனக்குச் சொல்லாம இருந்தது தப்புன்னா, இதுக்கு மட்டும் நிஜமாவே என் பாவமே.

அக்கா

*

கார்மேல் மடம்
7.1.2025

அன்பு அக்காவுக்கு, புது வருட ஆசீர்.

மதர் இந்தக் கடிதத்தை ஒட்டாமலே என்னிடம் கொடுத்து, நீயே ஒட்டி அனுப்பு, நான் படிக்கவில்லை என்றார்கள். இந்த மடத்தில் இருபத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை.

ஆகஸ்டு பதினாலு மாலையே அத்தான் மதருக்குப் போன் செய்துவிட்டார். எனக்கு அன்றே தெரியும். நீயே சொல்லும் வரை கேட்கக் கூடாது என்று இருந்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து கோயிலில் எல்லோரும் எழுந்த பிறகு நான் இன்னொரு முறை முழங்காலிடுகிறேன். அது உன்னுடையது. முதலில் பக்கத்துச் சகோதரி என் முகத்தைப் பார்ப்பார்கள். இப்போது எனக்காகக் கதவருகே காத்திருக்கிறார்கள்.

எந்தத் தொகையை வாங்குவது என்று சொல்ல எனக்குத் தெரியாது. பணத்தை வாங்கிக்கொண்டு நிறுத்தினால் ஒருவரும் உன்னைக் குறை சொல்ல முடியாது. ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆனந்தவள்ளி அம்மாவுக்கு முகம் கொடு.

உன் கொழந்தை

*

பாலக்கரை
20.6.2025

மரியே வாழ்க.

கொழந்தைக்கு முத்தம், மதருக்கு இந்தத் தடவை ரெண்டு வணக்கம். உன் ஜனவரி கடுதாசியை அத்தான் படிச்சுட்டு லேத்து மிஷின் பக்கமாத் திரும்பி நின்னுக்கிட்டார். தவக்காலத்துல ஒண்ணு போட்டேனே, வந்திச்சா? அதுக்கப்புறம் நானே எழுதலை. கோர்ட்டு வாய்தா வாய்தான்னு இழுக்குது.

மனு போட்டாச்சு. ஆறு மாசம் முடியறதுக்கு மூணு நாள் முன்னாடி. கையெழுத்துப் போட்ட அன்னைக்கே ஆட்டோ பிடிச்சு ஸ்ரீரங்கம் போனேன். ஆனந்தவள்ளி முன்னால கக்கத்துக்கட்டையோட நின்னு, உள்ளதை உள்ளபடியே சொல்லிடு வள்ளின்னேன். அவ, பின்னே இல்லாததையா சொல்லப்போறேன் ரோசம்மான்னுட்டு ரெண்டு முழம் அதிகமா அளந்து போட்டா. எட்டு வருஷத்துல முதல் தடவை.

அவ என்ன பாத்தான்னு ஜெஸிமாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லாதேன்னுட்டேன். சொன்னா நான் அதையே மனப்பாடம் பண்ணி, எனக்கே ஞாபகம் வந்த மாதிரி கூண்டுல ஒப்பிச்சுடுவேன். என் வாயை எனக்குத் தெரியாதா.

மெடிக்கல் போர்டுக்குப் போனேன். மூணு டாக்டருங்க அளந்து பாத்து, ஊனம் நூத்துக்கு அறுபதுன்னு எழுதிக் கொடுத்தாங்க. அப்படின்னா மீதி நாப்பதா நான்னு கேட்டேன். பெரிய டாக்டர் சிரிச்சுட்டு, கணக்கு காலுக்குத்தாம்மா, வாய்க்கு இல்லைன்னார். ஒரு காலை வச்சு எத்தனை பேர் எத்தனை தாள் எழுதுறாங்க. பேச்சு வாங்குற ரோசரிக்கு இவ்வளவு மரியாதையான்னு இருக்கு.

இன்சூரன்ஸ் கம்பெனி வக்கீல் பேர் பிலோமின்ராஜ். ஆள் பெரிய கைகாரராம். பயமாத்தான் இருக்கு.

அக்கா

*

பாலக்கரை
27.11.2025

மரியே வாழ்க.

கொழந்தை, மூணு நாள்ல உங்க மௌனம் ஆரம்பிச்சுடும், அதுக்குள்ள கைக்குக் கிடைக்கணும்னு ஸ்பீட் போஸ்ட்ல போடுறேன். உடம்பு சுகமான்னு அப்புறம் கேக்குறேன். நேத்து கோர்ட்டுல நடந்ததைக் கேளு. மதர், நீங்களும் உக்காந்துக்கிட்டே படிங்க.

நீதிபதி ஒரு அம்மா. நம்ம மூணாங்கிளாஸ் டீச்சர் மாதிரி கண்ணாடிக்கு மேலே பாக்குறாங்க. முதல்ல என்னைக் கூப்பிட்டாங்க. எப்படி அடிபட்டுதுன்னு கேட்டாங்க, ஞாபகம் இல்லை அம்மான்னேன். பிலோமின்ராஜ் எந்திரிச்சார். அந்த இடத்துல நீங்க கோபுரத்தை வேடிக்கை பாக்குற வழக்கம் உண்டான்னார். எங்கே தெரிஞ்சுக்கிட்டாரோ. உண்டுன்னேன். அன்னைக்கும் பாத்தீங்களான்னார். பாத்திருப்பேன்னு சொன்னேன். ஜெஸிமா கண்ணை மூடிக்கிட்டா. உன் அத்தான் பெஞ்சோட பெஞ்சா குனிஞ்சுட்டார்.

அப்புறம் ஆனந்தவள்ளி. கூண்டுல ஏறும்போது செருப்பை வாசல்ல விட்டுட்டு வந்தா. என்ன பாத்தீங்கன்னு ஜெஸிமா கேட்டா. அவ என்னைப் பாக்கவே இல்லை, நேரா நீதிபதி அம்மாவைப் பாத்துச் சொன்னா:

"ரோசம்மா எப்பவும் கோபுரத்தைப் பாப்பாங்க. ஆனா ஓட்டிக்கிட்டே பாக்கமாட்டாங்க. வண்டியை ஓரங்கட்டி, இடது காலைத் தரையில ஊனி நின்னுக்கிட்டுத்தான் பாப்பாங்க. எட்டு வருஷமா பாத்திருக்கேன். அன்னைக்கும் நின்னாங்க. வேன்தான் பின்னால பாக்காம ரிவர்ஸ் எடுத்துது. அந்த ஊனின கால்தான் போச்சு."

கொழந்தை, நான் நின்னுக்கிட்டு இருந்திருக்கேன். எனக்கே என்னைத் தெரியாம பதினஞ்சு மாசம் கிடந்திருக்கேன். எட்டு வருஷமா யாரும் கவனிக்கலைன்னு நினைச்ச என்னை ஒருத்தி, எந்தக் காலை எங்கே ஊனுறேன்னு வரைக்கும் பாத்து வச்சிருக்கா.

பிலோமின்ராஜ் சும்மா விடுவாரா. அடிபட்டதும் அந்தம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டார். அவ ஒரு நிமிஷம்கூட யோசிக்கலை. "என் பாவமே"ன்னு மூணு தடவை சொன்னாங்க, மூணு தடவையும் நெஞ்சுல அடிச்சாங்கன்னா. அவர் மேஜையைத் தட்டி, தப்பை அந்தம்மாவே ஒத்துக்கிட்டதுக்கு அவங்க சாட்சியே ஆதாரம்னு சொன்னார்.

நீதிபதி அம்மா என்னைத் திரும்பக் கூப்பிட்டு, ஏன் அப்படிச் சொன்னீங்கன்னாங்க. எனக்குச் சொன்ன ஞாபகம் இல்லை அம்மா, ஆனா அது எங்க ஜெபம், பூசை ஆரம்பத்துல எல்லாரும் சொல்றது, சாகும்போதும் அதான் வரும்னேன். எங்கே, சொல்லுங்கன்னாங்க.

கோர்ட்டுல ஜெபமான்னு ஒரு தடவை ஜெஸிமாவைப் பாத்தேன். ஒரு கக்கத்துக்கட்டையை ஜெஸிமா வாங்கிக்கிட்டா. கையைக் கூப்பி ஆரம்பிச்சேன். ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டுது. அந்த வரி வந்துது. என் கை நெஞ்சுக்குப் போச்சு. டைப் அடிச்சுக்கிட்டிருந்த லின்சிங்கிற பொண்ணோட சத்தம் நின்னுது, பாத்தா அவ கையும் நெஞ்சுல. எதிர்ல பிலோமின்ராஜ் சார், ஒரு கையில எங்க கேஸ் கட்டைப் பிடிச்சபடி, தலை குனிஞ்சு, இன்னொரு கையால தன் நெஞ்சுல தட்டுறார். ஒண்ணு, ரெண்டு, மூணு. அவருக்கே தெரியலை. கறுப்புக் கோட்டு மேல தொப்பு தொப்புன்னு கேட்டுது.

நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலே அவரையே பாத்தாங்க.

"சார், நீங்க எந்த வண்டியில வந்து மோதினீங்க?"

அவர் கையைப் பாத்தார். மெல்ல இறக்கினார். காது நுனி வரைக்கும் சிவந்து போச்சு. மறு கேள்வி இல்லை மேடம்னுட்டு உக்காந்துட்டார். கோர்ட்டே சிரிச்சுது, உன் அத்தான் மட்டும் அழுதார்.

வெளியில வந்ததும் அவரே என் பக்கத்துல வந்து, எந்தக் கோயில் பங்கும்மான்னு கேட்டார். சொன்னேன். எங்க அம்மாவும் சாகும்போது அதைத்தான் சொன்னாங்கன்னு சொல்லிட்டு விறுவிறுன்னு போயிட்டார்.

தீர்ப்பு இனிமேதான். எது வந்தாலும் வரட்டும். நான் நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன்.

அக்கா

*

கார்மேல் மடம்
8.1.2026

அன்பு அக்காவுக்கு, சமாதானம்.

உன் கடிதம் மௌனம் தொடங்க ஒரு நாள் முன்பு வந்தது. மாலை பொழுதுபோக்கு நேரத்தில் மதரே உரக்கப் படித்தார்கள். வக்கீல் நெஞ்சில் தட்டிய இடத்தில் அவர்களால் மேலே படிக்க முடியவில்லை, இரண்டு தடவை தண்ணீர் குடித்தார்கள். அடுத்த நாளிலிருந்து பேசக் கூடாது. காலைப் பூசையில் அந்த வரி வந்தபோது பதினொரு பேரில் ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. பார்த்திருந்தால் திருவருகைக் காலம் அன்றே கெட்டிருக்கும்.

நீ நின்றுகொண்டிருந்தாய் என்ற வரியை மட்டும் அந்தத் தாளிலிருந்து வெட்டி என் புத்தகத்தில் வைத்துக்கொள்ள மதர் அனுமதித்தார்கள்.

கொழந்தை

*

பாலக்கரை
6.2.2026

மரியே வாழ்க.

கொழந்தைக்கும் மதருக்கும் மடத்துல சிரிச்ச எல்லாருக்கும் என் வணக்கம். நான் சுகம், இந்தத் தடவை நிஜமாவே.

தீர்ப்பு வந்தாச்சு. தப்பு முழுக்க வேன் மேல. புதுக் காலுக்கும், அதை மாத்த மாத்த ஆகுற செலவுக்கும், சும்மா இருந்த என் முப்பது வருஷ வேலைக்கும் சேர்த்துப் போட்டிருக்காங்க. எவ்வளவுன்னு அத்தான் சொல்லச் சொல்ல என் காதுல ஏறலை. ஜெஸிமா ஒரு வரியைப் படிச்சுக் காட்டினா, அதுதான் ஏறிச்சு. இந்தச் சாட்சி மனுதாரருக்குப் பாதகமானதையும் மறைக்கவில்லை, ஆகவே அவர் கண்டதாகச் சொல்வதையும் இந்தத் தீர்ப்பாயம் நம்புகிறதுன்னு எழுதியிருக்காங்க. உன் அத்தான் அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அப்புறம் சட்டையை மாட்டிக்கிட்டு எங்கேயோ கிளம்பினார். ஸ்ரீரங்கம்தான் போயிருக்கார். என்ன பேசினாங்கன்னு ரெண்டு பேரும் சொல்லலை. கோணலில்லாத ஒரு தராசுக் கம்பி கடைஞ்சு கொடுத்திருக்கார்னு மட்டும் தெரியும். அன்னைக்கு என் தொடையில திருகினது வளைஞ்சு போயிருந்துதாம்.

நேத்து புதுக் காலைப் போட்டுக்கிட்டு பஸ்ஸுல போனேன். வளைவுல இறங்கி ரெண்டு காலையும் ஊனி நின்னு அண்ணாந்து பாத்தேன். அது அப்படியேதான் இருக்கு, என்னவோ நான்தான் அதைவிட உசரமா நிக்கிற மாதிரி இருந்துது.

அந்த முடிச்சை எனக்குப் போட்டுக் காட்டு வள்ளின்னு கேட்டேன். அவ விரல் போற வேகத்துல கண்ணு போகலை. இதுக்குப் பேர் என்னன்னேன். பேரெல்லாம் இல்லை, சரம் கட்டி முடிச்சதும் பூ உதிராம இருக்கக் கடைசியில போடுறதுன்னா. ஒரு துண்டு நார்ல உனக்காக ஒண்ணு போட்டுக் கொடுத்திருக்கா. இதுக்குள்ள வச்சிருக்கேன். மெழுகுவத்தி உருட்டுற கைதானே உனக்கு, முடிஞ்சா அவிழ்த்துப் பாரு.

அக்கா

*

கார்மேல் மடம்
17.2.2026

அன்பு அக்காவுக்கு, சமாதானம்.

நாளை சாம்பல் புதன், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். உனக்காக இரண்டாவது முறை முழங்காலிடுவது இன்னும் தொடர்கிறது. இப்போது அது நன்றிக்காக.

நாரை வெந்நீரில் ஊறவைத்தோம். ஊசியை நுழைத்துப் பார்த்தோம். மூன்று நாளாகப் பதினொரு பேரும் முயன்றாகிவிட்டது. கடைசியாக மதர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

அவிழவில்லை.

உன் கொழந்தை